மாமாவை நான் பஸ் ஏற்றிவிட்ட காலை

உங்கள் மாமா நெஞ்சுவலியில் இறந்தார் என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம். அது பொய். அவர் போனது போதை ஊசியால். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன் நான், கோவையாக எழுத வராது. ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டீர்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமா மேல் எனக்குப் பொறாமை. உங்கள் அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கல்யாணம் முடித்துக் கூட்டி வந்த வருஷமே அது தொடங்கிவிட்டது. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்த ஒரே தம்பியை அவளே வளர்த்தாள். அவர் லாரி ஓட்டினார். குஜராத்திலிருந்து பஞ்சுப் பேல் ஏற்றி வரும்போது நம் தெரு முனையில் ஹாரன் அடிப்பார். நீங்கள் சோற்றுக் கையோடு ஓடுவீர்கள். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு நானும் அதே தெருவில்தான் வருவேன். ஒருவரும் எழுந்தது கிடையாது.

மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. "எனக்கு வாலுதானாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க தெனமும் வீட்டுல திங்கிய. அவன் ரோட்டுல என்னத்தத் திங்கானோ" என்றாள்.

எண்பதுகளின் கடைசியில் சாத்தூர்ப் பக்கம் லாரி கவிழ்ந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வலி தாங்க முடியாமல் கத்தியதால் ஆஸ்பத்திரியில் பெத்தடின் ஊசி போட்டார்கள். எலும்பு கூடியது, ஊசி அவரை விடவில்லை. ஒரு கம்பவுண்டரைப் பிடித்துக் கள்ளத்தனமாக வாங்கிப் போட ஆரம்பித்தார். வேலை போயிற்று. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருப்பார். உங்கள் அம்மாதான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே கிடந்து, ஊசியை நிறுத்தி, நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

"ஆறு மாசம் தனியா விடக்கூடாதாம். இனிமேதான் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. போடும்போதுதானே ஆபத்து, நிறுத்திய பிறகு என்ன ஆபத்து என்று நினைத்தேன். நாள் ஆக ஆக ஆள் தேறிவிடுவான் என்பதுதான் என் புத்தி.

அவள் பேண்டேஜ் துணி சுற்றப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டாள். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். பேச்சு நின்றால் கதவைத் தட்டுவாள்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. சோப்புதான் இல்ல."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் டைபாய்டில் படுத்திருந்தபோது ரசத்தை வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனது எனக்கு ஞாபகம் வரும். அன்று போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பது மட்டும் ஞாபகம் வராது.

சின்னவளே, உனக்குக் காது குத்தியது அப்போதுதான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தினோம். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். குத்தியதும் நீ வீறிட்டாய். நான் கையை நீட்டினேன். நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாய்.

"அப்பன் வேண்டாமாம்லா" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் மேல் தப்பில்லை, உனக்கு மூன்று வயது. எனக்குத்தான் முப்பத்தாறு.

நாலு நாள் கழித்து ஒரு காலையில் உங்கள் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். பெரியவனே, மாமா உனக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்ள, ஒடம்பு தேறிட்டுல்லா?"

"தேறிட்டு அத்தான்."

"பொறவு என்ன? ஆம்பள எம்புட்டு நாளைக்கு அக்கா வீட்டுல உக்காந்து திங்க முடியும்? தெருவுல பேசுதாக."

தெருவில் யாரும் பேசவில்லை.

"அக்கா ஆறு மாசம்னு..." என்று இழுத்தார்.

"அவ சொல்லுவா. நீ என்ன பச்சப்புள்ளையா?"

அவர் எழுந்து துணிகளைப் பையில் வைத்தார். சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்காரவைத்தேன். ஜன்னல் வழியாகக் குனிந்து, "அத்தான், நானாப் போனேன்னு அக்காட்ட சொல்லிருங்க. இல்லன்னா உங்கட்ட சண்டைக்கு வருவா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் சொன்னபடியே சொன்னேன். உங்கள் அம்மா அடுத்த பஸ்ஸில் ஓடினாள். கூப்பிட்டும் அவர் வரவில்லை. பூட்டிக்கிடந்த பழைய வீட்டைத் திறந்து தங்கிக்கொண்டார். அவள் தினமும் சோறு கொண்டுபோனாள். தூக்குவாளியில் அவள் எதை எடுத்து வைக்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். பன்னிரண்டாம் நாள் உச்சிவெயிலில் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். பேச்சு வரவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எனக்கு நிதானமாகச் சொன்னார். "முன்னாடி போட்ட அதே அளவத்தான் போட்டிருக்காரு. மூணு மாசம் விட்டிருந்த ஒடம்பு அத எப்படித் தாங்கும்? புதுசாப் போடுற ஆளு மாதிரிதான் அது." இனிமேதான் ஆபத்து என்றதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்தப் பழக்கத்தை விட்டு வந்தால், தேறிவிட்டான் என்று கையை விடாதீர்கள். மறுபடி தொட்டுவிட்டான் என்று தெரிந்தாலும் கேவலமாகப் பேசாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வெட்கப்படுகிறவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவான். மூச்சு அடங்கும்போது பக்கத்தில் ஆள் இருக்காது.

இத்தனை வருஷமாக உங்கள் அம்மா, "அன்னைக்கு மட்டும் நான் தண்ணிக்குப் போகாம இருந்திருந்தா" என்று சொல்லிச் சொல்லித் தன்னையே நொந்துகொள்கிறாள். நான் வாயைத் திறந்ததில்லை. பயம் ஒரு பக்கம். போன பிறகும் தம்பியையே நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்ற எரிச்சல் ஒரு பக்கம். ஆமாம், செத்தவர் மேலும் பொறாமைப்பட்டேன்.

இந்த நோட்டை முதலில் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். அதற்குப் பிறகு உங்களிடம் தருவதும் தராததும் அவள் இஷ்டம்.