திறக்காத பதினொரு கதவுகள்

ஆறு வயதுப் பேத்தியும் நான்கு வயதுப் பேரனும் மணி அடித்தால் கதவைத் திறக்காதீர்கள் என்று பதினொரு வீடுகளில் சொல்லிவிட்டு வந்தவன் நான். முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பு மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. என் மனைவி இறந்து ஏழு மாதம். நான் தனியாக இருக்கக் கூடாதென்று மகன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து நான்கு மாதம்.

துக்க வருடம், தீபாவளி கிடையாது என்றேன். மகனும் மருமகள் வித்யாவும் தலையாட்டினார்கள். அக்டோபர் கடைசியில் பார்த்தால் மேஜைமேல் ஒரு மஞ்சள் பூசணிக்காய்! இரண்டு கண், ஒரு மூக்கு, ஏழு பல் வெட்டி வைத்திருந்தாள் வித்யா. ஹாலோவீனாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்பார்களாம்.

"தீபாவளி கூடாது, இது மட்டும் ஆகுமா?"

"இது பண்டிகை இல்லப்பா, வெறும் வேஷம். இங்க வந்ததுலேர்ந்து நிவேதாவுக்கு ஒரு ஃபிரெண்டு கூட இல்ல. நாலு வீடு ஏறி இறங்கினா பழகிடுவா" என்றான் மகன், பேத்தியைச் சொல்லி.

மறுநாள் காலை பதினொரு வாசல்களிலும் நின்று, வருடம் திரும்பாத வீடு என்று சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் மாடி அம்மாள் மட்டும், "குழந்தைங்கதானே சார், ஆளுக்கு ஒரு சாக்லேட்டு குடுத்தா என்ன?" என்றாள்.

"என் மனைவி ஆத்மா சாந்தி அடைய வேண்டாமா?" என்றேன். செத்தவளை வாசல் வாசலாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்!

துக்கமா அது? இல்லை, கோபம். அவள் இல்லாத வீட்டில் எப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்கலாம் என்ற கோபம்! அவள் இருந்திருந்தால் முதலில் கதவைத் திறந்திருப்பவள் அவள்தான்... அது எனக்குத் தெரியாதா?

இன்னும் கேளுங்கள். அன்று மாலை வேஷத்துக்குத் துணி தேடியபோது, என் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தவனும் நான்தான். நிவேதாவின் முகத்தில் வைத்து அளந்து, கண்ணுக்கு ஓட்டை வெட்டினேன்.

"எல்லாரும் பயப்படுவாங்களா தாத்தா?"

"நடுங்கிப்போயிடுவாங்க."

என்ன வாய் இது!

ஆறரை மணிக்குப் பிள்ளைகள் கிளம்பினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். முதல் மணி, பின்னாலேயே இருவரின் கூச்சல். இரண்டாவது... மூன்றாவது... ஏழாவதுக்குப் பிறகு கூச்சல் இல்லை, மணி மட்டும். பதினொன்று. ஒரு தாழ்ப்பாள்கூட விலகவில்லை.

பிறகு கீழே வாட்ச்மேன் ஏழுமலையின் குரல். அவனிடம் சொல்ல மறந்திருந்தேன். "ஐயய்யோ! இன்னா பாப்பா இது, ரெண்டு பேய் வந்துகீது! நான் ஓடிப்பூட்றேன்மா!" ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தானாம்.

பேரன் மென்றுகொண்டே வந்தான். நிவேதா வேட்டியை மடித்து என் மடியில் வைத்தாள்.

"எல்லார் வீட்லயும் லைட் எரிஞ்சுது தாத்தா. உள்ள பேசறது கேட்டுது. எங்கள யாருக்கும் பிடிக்கலையா?"

"மணி கேட்டிருக்காதும்மா" என்றேன்.

மறுநாள் பூசணிக்காய் சாம்பாருக்குப் போனது. இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்!

பத்து நாளில் தீபாவளி. துக்க வீட்டில் அடுப்பில் பலகாரம் ஏறாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து தருவார்கள். பதினொரு தட்டுகள் வந்தன. நிவேதா ஒன்றையும் தொடவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மணி அடித்தால் அவள்தான் ஓடுவாள். பால்காரர், சலவைக்காரர், சோப்புப் பொடி விற்க வந்தவன்... யாரானாலும் சரி. "வெளியில நிக்கறாங்க தாத்தா!" என்று கத்திக்கொண்டே ஓடுவாள்.

மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஓடுகிறாள். அன்று அறையிலிருந்து வாசலுக்கு ஓட இருபத்திரண்டு எட்டு வைப்பாள். வளர்ந்துவிட்டாள்... இப்போது பதினைந்தே எட்டு போதும்.