ஆறுமுகம் பெயருக்கு வந்த கடிதம்

தொலைபேசி அடித்தபோது காலை மணி பதினொன்று. கிள்ளானில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலையின் மேனேஜர் ராஜலிங்கம் பேசினார்.

"மிஸ் கலா, ஒரு லெட்டர் மிச்சமா நிக்குது. ஆறுமுகம்னு போட்டிருக்கு. எங்ககிட்ட அப்படி ஒரு ஆளே இல்ல. இங்க யோகேஸ்வரின்னு ஒரு பொண்ணு, அதுக்கு லெட்டர் வரல."

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் நான் புரோகிராமர். அந்தத் தொழிற்சாலை தன் ஆட்கள் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருந்தது. முடிவைச் சொல்லும் கடிதங்களை நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தோம்.

"மொத்தம் எத்தனை லெட்டர் சார்?"

"இருநூத்திப் பன்னெண்டு. ஆளும் இருநூத்திப் பன்னெண்டுதான். இந்த லெட்டர்ல நார்மல்னுதான் இருக்கு. பேர அடிச்சிட்டு யோகேஸ்வரிக்கே குடுத்துடவா?"

"குடுத்துடுங்க சார்" என்றேன்.

இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம், போதுமாம்!

என் புரோகிராம் இரண்டு ஃபைல்களை வரி வரியாகப் படிக்கும். ஒன்று தொழிற்சாலை தந்த பெயர்கள், ஆங்கில அகரவரிசையில், வரிக்கு ஒரு பெயர். மற்றது க்ளினிக் தந்த முடிவுகள். ரகசியம் என்பதால் அதில் பெயர் கிடையாது. அதே வரிசையில், வரிக்கு ஒரு முடிவு. அதில் ஒரு வரி, இதில் ஒரு வரி, இரண்டையும் சேர்த்து ஒரு கடிதம். முடிவு ஃபைல் தீர்ந்ததும் நின்றுவிடும். பேசிக் மொழியில் முப்பதே வரிகள். அவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டேன் என்று பெருமை வேறு.

தேநீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெயர் உறுத்தியது. ஆளே இல்லை என்றால் ஆறுமுகம் எங்கிருந்து வந்தார்? பெயர் ஃபைலைத் திரையில் ஓடவிட்டேன். ஒரு வரியில் 'மாரியம்மா ஏ/பி' என்று இருந்தது; ஏ/பி என்றால் இன்னாரின் மகள். அடுத்த வரியில் தனியாக 'ஆறுமுகம்'. அது மாரியம்மாவின் அப்பா பெயர்.

தொழிற்சாலையில் அந்தப் பட்டியலை டைப் அடித்த கமலா அக்கா இருபது வருஷம் டைப்ரைட்டரில் வேலை பார்த்தவர். ஆட்கள் நிரப்பிக் கொடுத்த பாரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டும் என்று பழகிய கை. மாரியம்மா தன் பெயரை இரண்டு வரியாக எழுதியிருந்தார். அக்காவும் இரண்டு வரியாகவே அடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வரி கூடிவிட்டது; அந்த 'ஆறுமுகம்' அடுத்த ஆளின் முடிவை எடுத்துக்கொண்டதில் கடைசியிலிருந்த யோகேஸ்வரிக்கு முடிவே மிஞ்சவில்லை. மாரியம்மாவுக்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த ஆளின் முடிவு போயிருந்தது. முடிவு ஃபைலில் அந்த இடத்துக்குக் கீழே 'மறுபரிசோதனை' என்று ஒரே ஒரு வரி, மற்றதெல்லாம் நார்மல். அந்தக் கடிதம் வசந்தா பெயரில் போயிருந்தது. பட்டியலில் வசந்தாவுக்கு அடுத்த பெயர் வேலு.

மறுபடியும் ராஜலிங்கத்தைக் கூப்பிட்டேன்.

"வசந்தாவா? கேன்டீன்ல உக்காந்து அழுவுது. பக்கத்துல ஒருத்தரும் போகல."

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். தப்பு எங்களோடது. வேலுவைக் கூப்பிடுங்க."

"வேலு லெட்டர வாங்கின கையோட லீவு போட்டுட்டானே. ரவாங்ல பொண்டாட்டிக்குக் குழந்த பொறந்து பன்னெண்டு நாள் ஆச்சு. இருமுறான்னு மாமியார் வாசப்படிய மிதிக்க விடல. எக்ஸ்ரே முடிவு வந்தப்புறம்தான் குழந்தயத் தொடணும்னு சொல்லிட்டாங்க. இப்பதான் கோலாலம்பூர் பஸ் ஏறிருப்பான்."

எங்கள் பாஸ் தனபாலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "க்ளினிக் டிஸ்க்ல தப்புன்னு சொல்லிடு லா. நம்ம பேர் கெட்டுப் போயிடும்."

டாக்சி பிடித்து பஸ் நிலையத்துக்குப் போனேன். கிள்ளானிலிருந்து ரவாங் போகிறவர்கள் அங்கேதான் பஸ் மாறுவார்கள். வேலுவின் முகம் எனக்குத் தெரியாது. கிள்ளானிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்கியவர்களிடம் "வேலுவா? க்ளவ் ஃபேக்டரி வேலுவா?" என்று கேட்டேன். இரண்டு பஸ் காலியானது. ரவாங் பஸ் அந்தப் பக்கம் உறுமிக்கொண்டு நின்றது. முன்னாலேயே வந்துவிட்டாரோ என்று அதிலும் ஏறிக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

மூன்றாவது பஸ்ஸில் கடைசியாக ஓர் ஒல்லியான ஆள் இறங்கினார். கையில் குழந்தையைக் குளிப்பாட்டும் நீலநிற பிளாஸ்டிக் பேசின். கேட்டேன், நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார்.

"நார்மல்னு போட்டிருக்கே மிஸ்."

"அது உங்க முடிவு இல்லண்ணே."

"என் பேர் இருக்கே. இது என் பேர்தானே?" விரலை வைத்துக் காட்டினார்.

"மறுபடி எக்ஸ்ரே எடுக்கணும்ணே. இன்னிக்கே" என்றேன். அவர் ரவாங் பஸ்ஸைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு பேசினை என் கையில் கொடுத்தார்.

"இத வீட்டுல குடுத்துடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு வரேன்னு சொல்லுங்க."

மாமியார் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு க்ளினிக்குக்கு அவரை அனுப்பிவிட்டு, பேசினை மடியில் வைத்துக்கொண்டு ரவாங்குக்குப் போனேன். நான் சொன்னதை அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார். முதலில் "என்னா சீக்கு?" என்றார். இன்னும் தெரியாது என்றேன். அப்புறம் கேட்டார்: "யாரு தப்பு இது? க்ளினிக்கா, கம்ப்யூட்டரா?"

"நான்தான்கா" என்றேன்.

அவர் திட்டவில்லை. பேசினை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

வேலுவுக்குக் காசநோய்தான். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டார், குணமானார். முதன்முதலாக அவர் குழந்தையைத் தூக்கியபோது அது தவழ ஆரம்பித்திருந்தது என்று ராஜலிங்கம் சொன்னார்.

அதன் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமும் இரண்டு ஃபைல்களை வரிசையை மட்டும் நம்பிச் சேர்த்ததில்லை. ஒவ்வொரு வரியிலும் ஆளின் எண் இருக்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். இளம் புரோகிராமர்கள் வேகம் குறைகிறதே என்பார்கள். குறையட்டும். ஒரு வரி என்பது ஓர் ஆள் என்று எனக்குத் தெரிய, ஒருவர் தன் பிள்ளையைத் தொடாமல் பாதி வழியில் திரும்பிப் போக வேண்டியிருந்தது.