மக்டலீனுக்குப் பாடிய பாட்டு

குருநகர் வின்சன்ற் விடிய மீன்பிடித்துக் கடலால் வந்து, பின்னேரம் கிற்றார் அடிப்பவன். கட்டின புருசனை அழைப்பதுபோல அவனை ‘இஞ்சேருங்கோ’ என்றே அழைத்துவந்த மக்டலீன், 1986இல் பாசையூர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். பிரியும்போது கடற்கரையில் அவள் அழுத கண்ணீர் இவன் காலில் விழுந்ததாம். அந்த ஆத்திரத்தில் வின்சன்ற் ஒரு பொப் பாட்டுக் கட்டினான்: “காலில் விழுந்த கண்ணீரை மறந்தாயோ, மக்டலீன்.”

கசற்றாகப் பதிந்து விற்றான். அது கிறிஸ்தவர் நோன்பிருக்கும் தவக்காலத்தில் வெளிவந்ததுதான் வினை. பத்திரிகைக்காரருக்கு ஞானம் பொங்கிவிட்டது.

“யேசுவின் பாதத்தைக் கண்ணீரால் கழுவிய புனித மக்டலீனை இப்படி உருகிப் பாடியவர் வேறு யாருமில்லை” என்று ஒரு பத்திரிகை எழுதியது. “பக்தி உண்டு, தாளந்தான் துள்ளுகிறது” என்று இன்னொன்று குறை சொன்னது.

“உவங்களுக்குக் காது இருக்கோ? என்னை விட்டிட்டுப் போனவளையெல்லோ பாடினனான்” என்று வின்சன்ற் கொதித்தான்.

அவனுக்கு மேளம் அடிக்கும் கிறகோரி அடக்கினான். “அவள் இப்ப இன்னொருத்தன்ரை பெண்சாதி. அவளைத்தான் பாடினதெண்டு வெளியில சொல்லப்போறியே? பேசாமல் இரு.”

பேசாமல்தான் இருந்தான். அதற்குள் பங்குச் சுவாமி, அதைத் தாளமில்லாமல் மெதுவாகக் கோயிலில் பாடச் சொல்லிவிட்டார். மறுக்க என்ன காரணம் சொல்வது? வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபம் முடிய, பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான். சனம் அழுதது. தாய்வீடு வந்திருந்த மக்டலீனும் முன்வரிசையில் இருந்து அழுதாள்.

அவளுக்காவது விளங்கியிருக்கும் என்று வாசலில் நின்றான். புருசனோடு வந்தவள் கண்ணைத் துடைத்தாள்.

“அந்தப் புனிதையையே கண்ட மாதிரி இருந்தது, அண்ணை” என்றாள்.