கந்தப்பன் காலுக்கு இருபத்தெட்டு நாள்

எங்கூட்டுக்காரரு கந்தப்பன், வாளையார் சுத்துவட்டாரத்துல முப்பது வருசமாக் கொத்தனாரு. அவரு போட்ட காங்கிரீட்டு ஒண்ணுகூட ஒழுகுனதில்லைன்னு ஊரே சொல்லும். நாள் ஆகாம பலகை பிரிக்கச் சொன்ன ஊட்டுக்காரனையே மம்முட்டியத் தூக்கிட்டு வெரட்டுன ஆளு. இப்ப அந்தப் பெருமையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அந்தக் கெட்டிக்காரத்தனந்தான் அவரு காலைத் தின்னுச்சு.

ஆடி மாசம் செக்போஸ்ட்டுகிட்ட லாரி ஒண்ணு மொபெட்டோட அவரைச் சாய்ச்சுது. வலது முழங்காலுக்குக் கீழ ரெண்டு விரக்கடை நீளத்துக்கு எலும்பு நொறுங்கிப்போச்சு. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில தகடு வச்சாங்க. நடுவால கெடந்த பள்ளத்துல அரிசிக் குருணையாட்டம் வெள்ளையா எதையோ ரொப்புனாங்க. ஊட்டுக்கு அனுப்பறப்ப பெரிய டாக்டரு இவரு தோளைத் தட்டி, "கந்தப்பா, உன் பாஷையிலயே சொல்றேன். உள்ள சிமெண்டு வச்சிருக்கேன், கெட்டியாகட்டும்"னாரு. ஒரு சீட்டைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

இவரு கட்டல்ல படுத்துக்கிட்டே நாள் எண்ண ஆரம்பிச்சாரு. காங்கிரீட்டுக்கு ஏழு நாள்ல பாதிக்கு மேல பலம், இருபத்தெட்டு நாள்ல முழுப் பலம். காலண்டர்ல வேற சுழிச்சு வச்சுட்டாரு!

"ஏனுங்க, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு எந்திரிங்க"ன்னேன்.

"சிமெண்டைப் பத்தி அவரு எனக்குச் சொல்லோணுமாக்கு? போ புள்ள"ன்னாரு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க. இவரு எங்க ஆத்திரப்பட்டாரு? ஒரு நாள்கூட முன்னால காலை ஊனல. இருபத்தெட்டாம் நாள் காத்தால ஊணுகோலைச் செவுத்துல சாய்ச்சுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல எறங்குனாரு. பத்தடிகூட இல்லை. அடுப்படியில இருந்த எனக்கு அவரு கத்துனது கேட்டுச்சு. உள்ள திருகாணி ரெண்டு முறிஞ்சு தகடு வளைஞ்சுபோச்சு.

மறுபடி அதே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே படத்தைப் பாத்த சின்ன டாக்டரு ஜின்சி பதறிட்டா. "சேச்சி, அந்தக் குருணை தானா எலும்பாகாது. சுத்தியிருக்கற செல்லுங்க அது மேல வந்து ஒட்டும். அது சொரசொரப்பா, துளை எவ்வளவு, அதுலருந்து கால்சியம் எப்படிக் கரையுதுன்னு, எல்லாத்தையும் வச்சுத்தான் செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யோணும், எது சும்மா இருக்கோணும்னு ஆகும். மொத வாரங்கள்ல நடக்கறது அதுதான். எலும்பு அப்புறந்தான் மெல்ல வளரும். அதுக்குள்ள பாரத்தைப் போட்டு ஆட்டுனா செல்லு வேற வழியில போயிரும். எலும்பு வரவேண்டிய எடத்துல நாருதான் வரும்"னா.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடுங்கம்மா உங்களுக்கெல்லாம்? வாய் வலிச்சுதா?"ன்னு கத்திட்டேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும்!

சத்தங் கேட்டுப் பெரிய டாக்டரு வந்தாரு. "மூணு மாசம் கால் ஊனக்கூடாதுன்னு சீட்டுல எழுதியிருக்கே!"ன்னு எங்க மேலயே பாய்ஞ்சாரு.

"இங்கிலீசுல எழுதியிருக்குதுங்க. நாங்க எந்தக் காலேஜுல படிச்சோம்?"ன்னேன்.

அவரு படத்தை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு. இனி இடுப்பெலும்புலருந்து வெட்டியெடுத்து வச்சுப் பாக்கோணுமாம். அதுவும் கூடலைன்னா இவரு சாரம் ஏறுறதை மறந்துறோணுமாம். அதைச் சொல்லிட்டு, "ஜீன் அது இதுன்னா உனக்கு என்ன மனசிலாகும் கந்தப்பா? அதான் எளுப்பமாச் சொன்னேன். புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே?"ன்னாரு.

எங்கூட்டுக்காரரு தலையத் தூக்கி டாக்டரைப் பாத்தாரு.

"புரிஞ்சுதுங்களே. அதனாலதான் கேக்கலீங்க. எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லியிருந்தீங்கன்னா, கேட்டிருப்பனுங்க."

டாக்டரைக் கேக்க மாட்டேன்னதுலருந்து இந்த மனுசன் மேல எனக்கிருந்த கோவம் அந்த நிமிசத்துல எறங்கிருச்சு. டாக்டரு மேல இருக்கறது இன்னும் எறங்கல.