என் படம் ஒட்டிய கொழும்பு விசா

அந்தக் காகிதத்தில் என் படம் ஒட்டியிருந்தது.

நாடு விடுதலையாகி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அதுவரை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போவது எங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரிதான். கடையில் வேலைக்கு நிற்கப் போவார்கள், கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போவார்கள், வீட்டில் கோபித்துக்கொண்டுகூடப் போவார்கள். அப்படி இருந்த இடத்தில் கொழும்புச் சர்க்கார் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேலைக்கு வருகிறவன் அங்கே ஆள் கிடைக்காத தொழில் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவனுக்குப் பெரிய சம்பளம் கொடுக்கிறோம் என்று அங்குள்ள கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். சாதாரண வேலைக்காரனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு விசா வந்தது அதுதான் முதல் தடவை. அது என் பேரில் வந்திருந்தது.

கொழும்புத் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் ஏஜெண்டு அண்ணாச்சியின் ஆபீசில் நின்றிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

"தண்ணிக்கு அடியில வேல செய்யுத நிபுணர். ரெண்டு வருசத்துக்குக் குடுத்திருக்கான்."

பிறகு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீரு எப்பம்வே முங்குனீரு?"

நான் பிறந்தது கடற்கரையில்தான். ஆனால் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு நெஞ்சை அடைக்கும். வள்ளத்தில் போகும்போதும் நடுப்பலகையை விட்டு நகரமாட்டேன். முங்குகிறவர் என் தங்கை மாப்பிள்ளை. நான் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன்.

சங்கு குளிக்கிற வள்ளங்களில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, பங்காளிக்கு ஒரு நேரம் புத்தி தடுமாறும். மச்சானுக்குத் தடுமாறாது. கயிற்றை விட்டால் போவது அவன் தங்கச்சி தாலி அல்லவா. பதினோரு வருஷம் நான் அந்தக் கயிற்றைப் பிடித்தேன். அவர் உள்ளே போனதும் மனதுக்குள் மாதா செபம் சொல்ல ஆரம்பிப்பேன். மூன்றுவரை தாங்கும். நாலாவது செபம் தொடங்கினால் என் கை நடுங்கும். ஐந்துக்குள் அவர் கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டுவார், மேலே இழு என்பதற்கு அதுதான் அடையாளம். இழுத்துவிடுவேன்.

இந்த வழக்கத்தோடு இன்னொன்றும் உண்டு. கரையில் பேச்செல்லாம் கயிறு பிடிக்கிறவனுடையது. எந்த வள்ளத்தில் ஏறுவது, என்ன கூலி, எல்லாம் அவன் பேசி அவனே கையெழுத்துப் போடுவான். முங்குகிறவன் தன் மூச்சின் கணக்கையும் தன் ஆழத்தையும் தன் வாயால் சொல்லமாட்டான். சொன்னால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது எங்கள் பயம்.

கொழும்பில் ஒரு கம்பெனி, கப்பலுக்கு அடியில் சிக்கிய வடத்தை அறுக்கவும் யுத்தத்தில் மூழ்கிக் கிடந்த இரும்பை எடுக்கவும் ஆள் கேட்டபோது, அதே வழக்கப்படி நான்தான் பேசினேன். எத்தனை பாகம் ஆழம் போவீர் என்று அண்ணாச்சியின் குமாஸ்தா கேட்டான். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி இருக்கும். எட்டு ஒன்பது பாகம் சர்வ சாதாரணம் என்றேன். எத்தனை வருஷப் பழக்கம்? பதினோரு வருஷம். விண்ணப்பக்காரர் படம் வேண்டும் என்று கடிதம் வந்ததும், இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் நானே உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று என் தலையை வாரிவிட்டார். கோயிலில் ஞானஸ்நானப் பதிவு வாங்கியதும் என் பேருக்குத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. ஒரு கயிறு என்றால் இரண்டு ஆள் என்பது கொழும்புக்காரனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தோம்.

அண்ணாச்சி குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அவன் ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை.

"ஏலே, இவரு முங்குதாருன்னு ஒனக்கு எவம்ல சொன்னான்?"

"அவருதான் அண்ணாச்சி எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. கூட வந்தவரு வாயே தொறக்கல. நான் அவர வேலக்காரருன்னு நெனச்சேன்."

"நெல்லு வெளையுத ஊர்க்காரனக் கடல் காயிதம் எழுத விட்டம் பாரு, எனக்கு வேணும்," என்றார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னவே, பேசாம நீரே போயி முங்கும். நல்ல சம்பளம்," என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, துறைமுகத்துப் பக்கம் விசா விஷயம் கவனிக்கிற சிலோன் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையான மனிதர். நான் உளறியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பேர் மாத்தலாம். கம்பெனி தந்தி அடிக்க வேணும். நீங்கள் இந்தத் தொழில் தெரியாத ஆள் எண்டு ஒரு கடிதத்தில கையெழுத்து வைக்க வேணும். ஒரு மாதத்துக்குள்ள செய்யாவிட்டால் இந்த விசா காலாவதி."

"அப்பம் எனக்கு?"

"உங்களுக்கு என்ன தொழில்?"

"கயிறு பிடிக்கிறது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு விசா இல்லை, ஐயா. கயிறு பிடிக்க அங்கே ஆக்கள் இருக்கினம்."

வெளியே வந்து வெயிலில் நின்றேன். கொழும்பில் யாரோ ஒரு ஆள், வெற்றிலை போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு, என் தங்கச்சி புருஷன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கெட்டதை முன்கூட்டி நினைத்துப் பார்க்கிற விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்று நாள் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தங்கை தினமும் கேட்டாள், இன்னும் வரவில்லை என்றேன். ஒரு மாதம் இப்படியே கடத்திவிட்டால் விசா செத்துப்போகும், மாப்பிள்ளை உயிரோடிருப்பார். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். தங்கை குடும்பம் மூன்று பிள்ளைகளோடு என் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தது. சங்குச் சீசன் வருஷத்தில் சில மாதம்தான். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு காது கேட்காது. இன்னும் நாலைந்து வருஷத்தில் அவர் நெஞ்சு தளர்ந்துவிடும். பிறகு கரையில் அவருக்கு என்ன வேலை? அவர் தலைக்கு மேல் ஒரு சொந்தக் கூரை போட இந்த ஒரு வழிதான் இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் நானும் மாப்பிள்ளையும் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கை மீன் குழம்பு ஊற்ற வந்தவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"அண்ணே, அது என்ன காயிதம்? மூணு நாளாத் தொட்டுத் தொட்டுப் பாக்கிய."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு மாதம் கடத்தப் பார்த்ததையும் சேர்த்து. தங்கை கரண்டியோடு நின்றாள். நான் மாப்பிள்ளையிடம், "அங்கன ஒங்க கயித்த எவனோ ஒருத்தன் பிடிப்பானாம்," என்றேன். அப்படியென்றால் வேண்டாம் மச்சான் என்று சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். என்னைத் தவிர வேறு ஆள் கயிற்றில் நின்றால் அவர் முங்கமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "சரி, போறேன்," என்றார்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எவன்னே தெரியாது மாப்ள. மச்சான் கெடையாது, ஒறவு கெடையாது."

"இருக்கட்டும் மச்சான்."

"பதினோரு வருசம் நான் பிடிச்சிருக்கேன்."

அவர் தலைகுனிந்துகொண்டார். அதிகம் பேசாத மனிதர் அவர். அன்றைக்குப் பேசினார்.

"மச்சான், தப்பா நெனைக்காதிய. ஒங்க கை நடுங்குதது கயித்து வழியா எனக்குக் கீழ வரைக்கும் வரும். இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கலாம்னு நெஞ்சு சொல்லும். ஒங்க நடுக்கம் வந்துரும். பாவம், மேல மனுசன் தவிக்காரேன்னு வெட்டிருவேன். எத்தன சங்க அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன் தெரியுமா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இடி விழுந்தது போல இருந்தது. அவர் உயிரை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அத்தனை வருஷமும் அவர் தண்ணீருக்குள் இருந்துகொண்டு என் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கரையில் பேசுகிறவன் நான்தானே.

மறுநாள் இரண்டு பேருமாகச் சிலோன் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி கேள்வி கேட்டார். மாப்பிள்ளை பழக்கப்படி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவரே தன் வாயால் தன் ஆழத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சொல்லிவந்ததைவிட ஒரு பாகம் கூட. அது எனக்கு அடுத்த அதிர்ச்சி. ஒரு பாகம் கயிறு எனக்குத் தெரியாமல் போய்வந்திருக்கிறதா, அல்லது நான் நடுங்காமல் இருந்தால் போயிருப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குக் கொடுத்த கடிதத்தில், இன்னார் இந்தத் தொழிலில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர் என்று தட்டெழுத்தில் அடித்திருந்தது. அதிகாரி படித்துச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். நடுங்கிய கையெழுத்து. மாப்பிள்ளை அதைப் பார்த்தார்.

கம்பெனியின் தந்தி வந்து, அவர் படம் ஒட்டிய விசா வந்து, அவர் புறப்பட்டுப் போனார். அந்த வருஷம் சங்குச் சீசனில் என்னை வேறு யாரும் கயிற்றுக்குக் கூப்பிடவில்லை. அவனவனுக்கு அவனவன் மச்சான் இருந்தான். அண்ணாச்சியின் குடோனில் மூட்டை எண்ணுகிற வேலை கொடுத்தார்கள். காலையில் வெயில் ஏறுகிற நேரம், கொழும்பில் வேலை தொடங்கியிருக்கும் என்று தோன்றினால், என் வாய் தானாகச் செபம் சொல்லும். நாலாவது செபத்தில் மூட்டைக் கணக்கு தப்பிவிடும்.

அடுத்த மாதா கோயில் திருவிழாவுக்கு மாப்பிள்ளை லீவில் வந்தார். உடம்பு தேறியிருந்தது. பின்னறைக்குப் பதில் தனியாக வீடு கட்ட இடம் பார்த்தார்கள். அங்கே எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம், "நல்லா இருக்கு மச்சான்," என்பதோடு முடித்துக்கொண்டார். கயிறு பிடிக்கிற ஆளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் திரும்பிப் போன பிறகு, தங்கைதான் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அங்கன மொத நாளு முங்குனாராம். கீழ போயி இரும்புல கைய வச்சிருக்காரு. கயிறு செத்த பாம்பு மாதிரி கெடந்திச்சாம், ஒரு அசைவு இல்ல. அறுந்துட்டுன்னு பயந்து, கயித்த வெட்டக்கூட இல்லாம வெறுங்கையா மேல வந்துட்டாராம். பாத்தா அந்த ஆளு கயித்தக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு செலை மாதிரி நிக்கானாம். தொரமாரு எல்லாம் சிரிச்சிருக்காங்க."

"பெறகு?"

"பெறகு என்ன, அந்த ஆளுகிட்ட அப்பப்பம் கயித்தக் கொஞ்சம் ஆட்டிக்கிட்டே இருன்னு சொல்லிருக்காரு. இப்பம் அவன் ஆட்டுதானாம். ஒங்ககிட்ட சொல்லாதன்னாரு."

அவள் சிரித்தாள். எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது, சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மேலேயிருந்து ஆட்டுவதும் கீழேயிருந்து வெட்டுவதும் அந்த மனிதனின் கையில் ஒன்றோடொன்று கலந்துபோனால்? மாப்பிள்ளை நிஜமாகவே வெட்டும்போது, தன் ஆட்டம்தான் திரும்பி வருகிறது என்று அவன் நினைத்து நின்றுவிட்டால்?

அன்றைக்கே அண்ணாச்சி ஆபீசுக்குப் போய், குமாஸ்தாவை உட்காரவைத்துக் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். கயிறு பிடிக்கிறவருக்கு என்று.

"என்ன எழுதணும்?" என்றான்.

"ஆட்டுனா மெதுவா ஆட்டணும். மூணு செபம் வரைக்கும் ஆட்டலாம். நாலாவதுல கைய நிறுத்திட்டுக் கவனிக்கணும். இத எழுது."

"அந்த ஆளுக்குச் செபம் தெரியுமா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.