பொத்தானில் செருகிய அட்டை

ஓசூரில் ஒரு கம்பெனியில் தகடு வளைக்கும் பிரஸ் ஓட்டுகிறேன். இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. நானோ இடப்பக்கப் பொத்தானில் அட்டைத்துண்டு ஒன்றைச் செருகி, ஒரு கையாலேயே ஓட்டுவேன்.

பக்கத்து மெஷின் மஞ்சுளாவிடம் டீ நேரத்தில் பெருமை வேறு. "உடம்பு வேற, மனசு வேறடி. உடம்ப இங்க நிறுத்திட்டு நான் கிருஷ்ணகிரில எம்பொண்ணுகூட இருப்பேன்."

"அப்ப பசிக்கறது யாருக்குக்கா?" என்று சண்டைக்கு வருவாள்.

அன்றும் மகளோடுதான் இருந்தேன். கோணலாக இருந்த தகட்டைச் சரிசெய்ய இடது கை தானாக உள்ளே போனது. வலது கை தானாகப் பொத்தானை அமுக்கியது. மஞ்சுளா பாய்ந்து வந்து மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். அச்சு என் நடுவிரல் நுனியைக் கவ்வியபடி நின்றது.

ஃபிட்டர் வந்து அச்சைத் தூக்கும்வரை அசைய முடியவில்லை. மகள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவேயில்லை. நான் மொத்தமும் அந்த விரல் நுனிக்குள் அடைபட்டிருந்தேன்.

"மயங்கிடாதக்கா, இங்கியே இரு," என்று மஞ்சுளா தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேறெங்கே போவேன்?

நகம் போனது, விரல் பிழைத்தது. "பொத்தான் தானா சிக்கிக்கிச்சு சார்," என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். பொத்தானிலிருந்து உருவிய அட்டையை உள்ளங்கையில் மறைத்தபடி மஞ்சுளா பக்கத்தில் நின்றாள்.

பொய்யைத் தடுமாறாமல்தான் சொன்னேன். அதை எழுதிய தாளில் கையெழுத்துப் போடும்போது, அடிபடாத வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.