கம்பெனிப் பூட்டு போட்ட வீட்டு வண்டி

எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணம் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் சில வருஷம் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை. கப்பல்காரர்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் உடைந்த இங்கிலீஷ் வந்திருந்தது. அந்த இங்கிலீஷால்தான் நான் இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டேன் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

மழைக்காலம் தொடங்கும் நேரம். உப்பு வாருவது முடிந்து, குவியல்களுக்குப் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். காலையில் லோடு ஏற்றப் போனபோது, கால்வாய்க்கும் பாத்திகளுக்கும் நடுவே உள்ள கரையில் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய வேன் நின்றது. கூரை ஆள் நிற்கிற உயரத்துக்குத் தூக்கியிருந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.

உப்பளத்து மேஸ்திரி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஏம்பா, நீதான் இங்கிலீஷ் பேசுவியே. எதுக்கு இங்க வண்டிய போட்டிருக்காங்கன்னு கேளு."

கேட்டேன். ஜெர்மனிக்காரர்கள். பிள்ளைகள் இல்லை. சொந்த வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கி, துருக்கி, ஈரான் என்று ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆரோவில் போகிற வழியில் உப்புக் குவியல்களைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. சில நாள் தங்கிவிட்டுப் போகிறோம் என்றார் கணவர். கழிவெளி ஏரிப் பக்கம் வரும் பறவைகளைப் பார்க்க அவரிடம் பைனாகுலரும் இருந்தது. மேஸ்திரி சரியென்று சொல்லிவிட்டார். கேட்பதற்கு முதலாளி ஊரில் இல்லை.

அன்றைக்கே ஜெர்மனிக்காரர் எங்களை வண்டிக்குள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பகலில் உட்காரும் பலகை ராத்திரியில் கட்டிலாகும். கேஸ் அடுப்பு, சின்னத் தொட்டி, அதற்குக் குழாய். கப்புகள் ஓட்டத்தில் விழாமலிருக்கக் கொக்கியில் தொங்கின. ஸ்டியரிங் இடது பக்கம். இதையெல்லாம் காட்டும்போது இல்லாத பெருமை, பூட்டுகளைக் காட்டும்போது அவர் முகத்தில் வந்தது. சாவியை உருவி ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார். 'டக்' என்று இறுகிவிட்டது. திருப்பிப் பார் என்றார். நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற ஓர் இரும்புப் பட்டை, அதற்குத் தனிச் சாவி. யாராவது கதவை நெம்பினாலோ வண்டியை இழுத்து அசைத்தாலோ தானாகவே அடிக்கிற ஹாரன். எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தவை என்றார். "கம்பெனி ஃபிட்டிங்" என்று மேஸ்திரிக்குச் சொன்னேன்.

என் லாரியின் கதவைத் தேங்காய்க் கயிற்றால் கட்டித்தான் ஓட்டுவேன். இரண்டு ஒயரைச் சேர்த்துவைத்தால் கிளம்பிவிடும்.

"இவ்ளோ பூட்டு எதுக்காம்?" என்றார் மேஸ்திரி.

இன்சூரன்ஸுக்காக என்றார் அவர். வண்டியை விட்டுப் போகும்போது எல்லாப் பூட்டும் போட்டிருக்க வேண்டும். அதை ஓட்ட அவருக்கு மட்டும்தான் அனுமதி. கம்பெனி போட்ட பூட்டையோ கண்ணாடியையோ நாமே உடைத்தால் பணம் கிடையாது. புரிந்த அளவுக்குத் தமிழில் சொன்னேன். "திருடன் ஒடைச்சா காசு தருவாங்களாம். நாம ஒடைச்சா தரமாட்டாங்களாம்."

"அப்ப திருடனுக்குத்தான் இன்சூரன்ஸ் போட்டிருக்கான்" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தோம். என்ன சொன்னார் என்று கேட்ட ஜெர்மனிக்காரருக்கு நான் எடுத்துச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

உப்பு சுமக்கும் பெண்களில் ஒருத்தி அவர்களுக்குத் தினமும் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஜெர்மன் அம்மா அவளை உட்காரவைத்துக் காபி கொடுப்பார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஜெர்மனிக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மாத்திரை போட்டுச் சமாளித்தார். ஒரு நாள் போய்ப் பார்த்தால் கண்ணெல்லாம் மஞ்சள். எழுந்து உட்காரவே சிரமப்பட்டார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று தெரிந்தது. அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

"சாவிய குடுங்க, உங்க வண்டியிலயே படுக்கவெச்சு நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் மறுப்பாகத் தலையாட்டினார். முடியாது. வேறு ஆள் ஓட்டி வழியில் ஏதாவது ஆனால் எங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது, இந்த வண்டிதான் எங்கள் வீடு என்றார். அந்த அம்மா ஜெர்மன் மொழியில் அவரோடு வாதாடினார், கடைசியில் அழுதார். அவர் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டின நான், நல்ல வண்டி கண்முன்னால் நிற்க, உப்பு மூட்டை ஏற்றிய லாரியின் கேபினில் அவரைச் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும் முன்னால் அவர் சுவரைப் பிடிப்பதுபோல வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றிவந்து ஒவ்வொரு பூட்டையும் தானே போட்டார். மழைவரும் வானமாக இருந்தது. வண்டியை மேட்டுக்கு ஏற்றி நிறுத்திவிடலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்துக் கேட்கவில்லை. சாவிகளை அந்த அம்மா தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்ததும் ஜெர்மனிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். முதல் நாள் மழை எங்களுக்குப் புதிதில்லை. மறுநாள் காற்றும் சேர்ந்துகொண்டது. கழிவெளி நிரம்பித் தண்ணீர் கால்வாய்க்குள் தள்ள, கடல் அதை வாங்காமல் திருப்பித் தள்ளியது. பாத்திகளும் கால்வாயும் ஒன்றாகிவிட்டன. கரை மட்டும் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அதன் மேல் வெள்ளை வண்டி.

சாவி வாங்கிவரலாம் என்று லாரியை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன். வழியில் ஓர் ஓடை ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தப் பக்கம் ஒரு பஸ், இந்தப் பக்கம் நான். பஸ் டிரைவர் கையை விரித்தார். டெலிபோன் கம்பிகளும் விழுந்துவிட்டன. திரும்பிவந்தேன்.

மேஸ்திரியும் உப்பளத்து ஆட்களும் கரையில் நின்றார்கள். தண்ணீர் வண்டியின் சக்கரத்தில் பாதிக்கு வந்திருந்தது. லாரியைப் பின்னால் கொண்டுபோய் வடக்கயிறு கட்டி இழுத்தேன். வண்டியின் பின் சக்கரம் உருளவில்லை, பிரேக் பிடித்தபடி இருந்தது. முன் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி இறுகிக் கிடந்தது. இழுக்க இழுக்க வண்டி பாத்திப் பக்கமாகத்தான் சரிந்தது. கயிறு இறுகியதும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் யாரோ சிரித்தார்கள். அது நிற்கவே இல்லை. அந்த மழையில், திருடன் வந்துவிட்டான் என்று ஊரைக் கூப்பிடுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணாடிய ஒடைச்சு உள்ள போ" என்றார் மேஸ்திரி.

"ஒடைச்சா காசு வராதுங்க."

"முழுகினா மட்டும் வருமா?"

அது எனக்குத் தெரியாது. அங்கே நின்றவர்களில் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் மழையில் அப்படியே நின்றேன். தண்ணீர் கதவுக்கு வந்ததும் கடப்பாரையால் பக்கத்துக் கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறினேன். ஸ்டியரிங்கில் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன். இரும்புப் பட்டையைக் கடப்பாரையால் நெம்பினேன். கொஞ்சம் வளைந்தது, விடவில்லை. ரம்பம் கொண்டுவர ஆள் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள் என் காலடியில் தண்ணீர் ஊறிவிட்டது. அந்தப் பூட்டை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதைச் செய்தவன் மேல் எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது?

அப்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பெண், உடைந்த ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு தண்ணீரில் கூடையோடு நின்றாள். "அண்ணா, வண்டிய விடு. உள்ள இருக்கிற சாமானயாவது எடுத்துக் குடு."

அதைத்தான் செய்தோம். போர்வை, துணிமணி, போட்டோக்கள், கப்புகள், பைனாகுலர், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கொடுக்கக் கொடுக்க, பெண்கள் உப்புச் சுமக்கிற கூடைகளில் வைத்துத் தலையில் தூக்கி, வரிசையாகக் கரையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்த உப்புக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கப்கூட உடையவில்லை. நான் கடைசியாக இறங்கும்போது ஹாரன் குரல் கம்மிப்போய், தொண்டை கட்டியவன் மாதிரி இழுத்து, அடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் கூரை மட்டும்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா வராந்தாவிலேயே என்னைப் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து சாவிகளை எடுத்தார், பிறகு மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியை உடைத்தது நான்தான் என்றும் சொன்னேன். "அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம்" என்றார். அவர் உடம்பு தேறும் வரைக்கும் தினமும் வண்டி நன்றாக இருக்கிறது என்றுதான் அந்த அம்மா சொல்லிவந்தார். நான் போகும்போதெல்லாம் அவர் என்னிடமும் கேட்பார். நான் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு ஆமாம் என்பேன்.

மெட்ராஸிலிருந்து இன்சூரன்ஸ் தரப்பில் ஒருவர் வந்து பார்த்தார். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். நல்ல மனிதர்தான். வளைந்த பட்டையையும் உடைந்த கண்ணாடியையும் பார்த்தார். "யாருங்க ஒடைச்சது?"

"நான்தாங்க. சாமானெல்லாம் எடுக்கறதுக்காக."

"யார் சொல்லி ஒடைச்சீங்க?"

"தண்ணி வந்துட்டுதுங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். முடிவு செய்வது நான் இல்லை, ஜெர்மனியில் செய்வார்கள் என்றார்.

ஜெர்மனிக்காரர் நடக்கும்படி ஆனதும் இருவரையும் கரைக்குக் கூட்டிவந்தேன். பாதி ஆளாகியிருந்தார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே உப்பு பூத்து வெள்ளையாகப் படிந்து நின்றது. சாவி சாவித்துவாரத்துக்குள் நுழையவில்லை. அவர் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு லாரியின் படியில் வந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீ என்ன செய்ய முடியும்" என்றார்.

அதோடும் முடியவில்லை. வெளிநாட்டு வண்டியைக் கொண்டுவந்தவர் திரும்ப அதை வெளியே கொண்டுபோயாக வேண்டுமாம். இல்லாவிட்டால் அவரையும் விடமாட்டார்களாம். கஸ்டம்ஸ்காரர்கள் வந்து, அது இனி வண்டியில்லை, இரும்புதான் என்று ஒப்புக்கொள்கிற வரைக்கும் இருவரும் பாண்டிச்சேரியில் ஒரு வாடகை அறையில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் அவர்கள் நாட்டுத் தூதரகம் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தது. ஆரோவில்லை அவர்கள் பார்க்கவே இல்லை.

மெட்ராஸ் ரயிலுக்காகத் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு என் லாரியில்தான் போனார்கள். ரயில் தாமதம். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார். பதில் வந்துவிட்டதாம். காவலில்லாத இடத்தில் உரியவர் இல்லாமல் வண்டியை விட்டதால் ஒன்றும் கிடையாது என்று. கண்ணாடியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லையாம். அதை என் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு ஆறவில்லை; அதற்குப் பயந்துதானே அன்றைக்கு உடைக்காமல் நின்றேன்.

ஊரில் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். கணவருடைய தம்பி வீட்டில், மாடியில் ஓர் அறை இருக்கிறது என்றார். பிறகு மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளைகளைப் பங்கிட்டார். ரயில் வந்ததும் பெட்டிகளை ஏற்றிக்கொடுத்துவிட்டு, லோடு காத்திருந்ததால் நான் மரக்காணத்துக்குத் திரும்பினேன்.